ஐந்து மணி நேரக் கணக்கில் வெட்டிய குழி

சித்தப்பாவின் பெட்டியில் ஒட்டியிருந்த விமானச் சரக்குச் சீட்டு என்னிடம் இருக்கிறது. புறப்பட்ட இடம் சவூதியின் தம்மாம், சேருமிடம் சென்னை. தேதி இருந்த இடத்தில் ஈரம் பட்டு மை கரைந்துவிட்டது. இரண்டு ஊர்களுக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், பறக்கும் நேரம் சுமார் ஐந்து மணி. இதை ராயபுரம் வீட்டில் முதலில் சொன்னவள், ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான்தான்.

வெல்டிங் வேலைக்குப் போன சித்தப்பா அங்கே சாரத்திலிருந்து விழுந்து இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு காலை ஏஜெண்ட் போன் செய்து, உடலை இன்றைய விமானத்தில் ஏற்றுகிறோம் என்றான். பெரியப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அங்கே கப்பல் புறப்பட்ட சேதி வந்தாலே சரக்கு இறக்க ஆள் நிறுத்திவிடுவார்கள். அதே பழக்கத்தில் காசிமேட்டுக் கல்லறையில் குழி வெட்டச் சொல்லிவிட்டார். மாதா கோயிலில் துக்க மணியும் அடித்தாயிற்று.

விமானம் நேரத்துக்கு வந்தது. பெட்டி வரவில்லை. தம்மாமில் ஏதோ ஒரு முத்திரை பாக்கியாம்.

"போன தபா டிவி எத்தாந்தப்போ கஸ்டம்ஸ்ல புட்ச்சி வச்சானுங்கோ. இப்போ இன்னாத்த கண்டானுங்கோ?" என்றார் பெரியப்பாவின் தோஸ்து ஒருவர்.

மறுநாள் குழிவெட்டுகிறவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "கடலாண்ட மண்ணு நைனா, தண்ணி ஊறிக்கினே கீது. வெட்ன குயிய சும்மா வுடக்கூடாது. அது வேற ஆளு கேக்கும். அவரு துணி எதுனா போட்டு மூடிடு. பெட்டி வந்தா வேற எடத்துல தோண்டிக்கலாம்."

பெரியப்பா சித்தியைப் பார்த்தார்.

"சட்டைய பொதைச்சி மூடிட்டீங்கன்னா, அப்பால அவரு இன்னாத்துக்கு மாமா வருவாரு?" என்றாள் சித்தி.

சித்தி வாளியோடு கல்லறைக்குப் போனாள். பெட்டி வரும்வரை இரண்டு நாள் குழியிலிருந்து தண்ணீர் இறைத்தாள். நான் அட்லஸோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இப்போ எங்க கீறாரு?"

"கடலுக்கு மேல, சித்தி."

விரலை அரபிக்கடலில் கொஞ்சம் நகர்த்துவேன். அது சென்னையைத் தொட்டதும், "மறுபடி அங்கேர்ந்து காட்டு" என்பாள். பாவம், சித்திக்கு வரைபடம் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டி வந்த அன்று விடிந்தும் விடியாததுமாகப் பெரியப்பா கணுக்கால் வரை சேற்றோடு திரும்பி, தெருக்குழாயில் நெடுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார். சித்திக்குச் சிரமம் வேண்டாமென்று தானே தண்ணீர் இறைத்துவிட்டு வருகிறார் என்றுதான் எண்ணினேன். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முகம் பார்க்காமலே அதே குழியில் சித்தி மண் போட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் கொடியில் தொங்கிய சித்தப்பாவின் நீலக்கட்டம் போட்ட சட்டையைத் தேடினாள். காணவில்லை. பெரியப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் கொரோனாவில் போய்விட்டார். சட்டை பெட்டிக்கு அடியில் கிடக்கிறதா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படாத தகவல்.