அடுப்புக்குக் கீழே இருந்த ஓட்டை

மில்லிமீட்டர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது, அதோடு சரி. தரைக்குக் கார்ப்பெட் போடுகிற வேலை. முப்பது வருடமாக முட்டி போட்டே பிழைத்தவர். சுவரும் கார்ப்பெட்டும் சேருகிற இடத்தில் நகம் நுழைய இடைவெளி தெரிந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பிரித்துவிட்டு மறுபடி போடுவார். "பொண்ணு பார்க்கப் போனப்பவும் அளவு நாடாவோடதான் போயிருப்பாரு. அதான் ஒண்ணும் அமையல" என்று கூடப்பிறந்த ஒரே தங்கை கேலி செய்வாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

தங்கையின் கணவர் பஸ் டிரைவர். ஒரே தடத்தில் இருபத்தெட்டு வருடம் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மாதமே ஒரு பழைய கேரவனை ஓட்டிக்கொண்டு வந்து மில்லிமீட்டர் வீட்டு வாசலில் நிறுத்தினார். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி.

"இத்தனை நாள் ஊரையே ஏத்திக்கிட்டுப் போனேன் மச்சான். இனிமே உங்க தங்கச்சி மட்டும்தான் பாசஞ்சர்."

வண்டியின் லட்சணத்தைப் பார்த்தால் எந்தப் பாசஞ்சரும் ஏறமாட்டார். கார்ப்பெட்டில் யாரோ வளர்த்த நாயின் நாற்றம். மெத்தை உறைகளில் சிகரெட் சுட்ட ஓட்டைகள். அலமாரிக் கதவுகள் பாதி கழன்று தொங்கின. மில்லிமீட்டருக்கு வாயெல்லாம் பல். இப்படிப்பட்ட கேடுகெட்ட தரையைப் பார்த்தால்தான் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

மூன்று வாரம் வேறு வேலை எதையும் தொடவில்லை. கார்ப்பெட்டைக் கீறிச் சுருட்டி எடுத்தார். அடியில் இருந்த நூற்றுக்கணக்கான பின்களைக் குறடு வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கதவருகே பிளைவுட் ஈரத்தில் ஊறிக் கொழகொழத்திருந்தது. அதை வெட்டி எறிந்து புதுப்பலகை பதித்தார். பழுப்புக் காகிதத்தில் தரையின் ஒவ்வொரு வளைவையும் வரைந்து, அதன்படி கட்டில் பக்கம் கார்ப்பெட்டும் சமையல் பக்கம் வினைல் விரிப்பும் வெட்டினார். மெத்தை உறையும் திரையும் தங்கையே தைத்தாள். விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்த அவள் மகள், விடுமுறைக்கு வந்து அலமாரிகளுக்கு வெள்ளை பெயின்ட் அடித்தாள்.

அடுப்புக்குக் கீழே, அலமாரிக்குள், தரையில் ஓர் ஓட்டை இருந்தது. எலுமிச்சம்பழம் நுழைகிற அகலம், மேலே கம்பிவலை. குனிந்து பார்த்தால் கீழே தெரு தெரிந்தது.

"காத்து சில்லுனு வருதுண்ணா. எலி வந்தாலும் வரும். அடைச்சிடேன்" என்றாள் தங்கை.

வண்டியை முன்னால் வைத்திருந்த ஆள் ஏதோ குழாய்க்காகப் போட்டுவிட்டு மூடாமல் போயிருக்கிறான் என்று மில்லிமீட்டர் நினைத்தார். முன்பின் தெரியாத அந்த ஆளை ஒரு பாட்டம் திட்டினார். பலகையை வட்டமாக அறுத்து, ஓட்டையில் இறுக்கி, சுற்றிலும் சிலிக்கான் பசை பூசி, மேலே வினைலை ஒட்டினார். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. தங்கை விரலால் தடவிப் பார்த்து, "உன் கைய அடிச்சுக்க ஆளே இல்லண்ணா" என்றாள்.

ஐந்தாவது மாதம் அந்த வண்டி எரிந்தது. காலையில் டிரைவர் டீ போட்டுக் குடித்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார். காஸ் அடுப்பின் திருகை முழுசாக மூடவில்லை. தங்கைக்குச் சளி, மூக்கு அடைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து வெந்நீர் வைக்க நெருப்புக் குச்சியைக் கிழித்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். "நான்தான் சரியா மூடல" என்று டிரைவர் போலீஸிடமும் சொன்னார், வந்தவர் போனவரிடமும் சொன்னார். தரை முழுக்கக் கரியாகிவிட்டிருந்தது, அதில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

"அந்த ஆள் என் கண்ணு முன்னால வரக்கூடாது" என்று மகள் தன் அப்பாவைப் பற்றி ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள். விடுதியைக் காலி செய்து மாமா வீட்டுக்கு வந்தாள். அவளுக்காக மில்லிமீட்டர் சமைக்கக் கற்றுக்கொண்டார். அவர் வைக்கும் குழம்பில் உப்பு ஒருநாள் தூக்கலாக இருக்கும், ஒருநாள் இருக்கவே இருக்காது. அவள் தட்டை வழித்துச் சாப்பிடுவாள்.

ஒரு வருடம் கழித்து, வேறொருவரின் கேரவனில் தரை போடுகிறபோது அதே மாதிரி ஓட்டையைப் பார்த்தார். பலகையை வட்டமாக அறுக்க ஆரம்பித்தார். அந்த வண்டியில் குழாய் மாற்றிக்கொண்டிருந்த காஸ் மெக்கானிக் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன காரியம் பண்றீங்க? காஸ் கசிஞ்சா தரையிலதான் தேங்கும். அது வெளியே போறதுக்குத்தான் இந்த ஓட்டை. இதை அடைச்சா வண்டியில இருக்கறவங்க கதி என்ன ஆகறது?"

மில்லிமீட்டர் ரம்பத்தைக் கீழே வைத்தார். மத்தியானம் வரை அந்தத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் இரண்டு முறை தண்ணீர் கொடுத்தார்.

நாலு நாள் அதை மனதுக்குள் போட்டு உழப்பினார். சொன்னால் மருமகள், தங்கை பெற்ற அந்த ஒரு பெண், போய்விடுவாள். சொல்லாவிட்டால் டிரைவர் சாகிறவரை பழியை ஒற்றை ஆளாகச் சுமப்பார். ஐந்தாம் நாள் பஸ் டிப்போவுக்குப் போனார். டிரைவர் இப்போது அங்கே பஸ் கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த ஸ்டோர் ரூமில்தான் படுக்கையும். அந்த அறையின் வாசற்படியில் உட்கார்ந்து மில்லிமீட்டர் எல்லாவற்றையும் கொட்டினார். "தெரியாம செஞ்சுட்டேன். நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன். என் கையாலதான் அவ போனா. மன்னிக்கச் சொல்ல எனக்கு வாய் வரல."

டிரைவர் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும் பிழிந்தார்.

"கோவம் வரலைன்னு சொல்ல மாட்டேன் மச்சான்" என்றார் கடைசியில். "பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. முதல்ல உங்ககிட்ட..."

"சொல்லாதீங்க."

"அது எப்படி மாப்பிள்ளை? எல்லாப் பழியும் உங்க தலையில இருக்கு."

"நான் மூடலங்கறது பொய்யில்லையே. என்னை அவ தலைமுழுகியாச்சு. உங்களையும் தலைமுழுகிட்டா எங்க போவா? அவளுக்குன்னு ஒரு வீடு இருக்கட்டும். நீங்க கிளம்புங்க."

மில்லிமீட்டர் கிளம்பினார். பஸ் நிறுத்தம் வரை நடக்கிறபோது நெஞ்சு லேசானது போல் இருந்தது. அப்படி லேசானதை நினைத்து அவருக்கு அருவருப்பாக இருந்தது.

வீட்டில் மருமகள் தட்டு வைத்துக் காத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள்.

"அந்த ஆளைப் பார்க்கவா போனீங்க மாமா?"

"ஆமா."

"நான்தான் மூடலன்னு ஊர் பூரா சொன்னாரே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையே அவருக்கு. இன்னைக்காவது எனக்காக ஏதாவது சொன்னாரா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அவள் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். தங்கையின் அதே விரல்கள்.

"சொன்னாரு" என்றார்.

"என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க."

"தெரியாம செஞ்சுட்டேன்னு சொன்னாரு. என் கையாலதான் அவ போனா, மன்னிக்கச் சொல்ல எனக்கு வாய் வரலன்னாரு."

மருமகள் வெகுநேரம் அழுதாள். அம்மா செத்ததற்கு அழுததைவிட அதிகமாக அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னது நல்லதுதான் மாமா. ஆனா என்னால முடியாது. அந்தக் கைய என்னைக்கும் மன்னிக்க முடியாது. இதுக்கு மேல அவர் பேச்சை எடுக்காதீங்க."

"சரிம்மா" என்றார்.

அவள் சோற்றைப் போட்டுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். மில்லிமீட்டர் கை கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.