மூன்று பேர் எழுதிய ஒரு பக்கம்

ஆக்லாந்துக்கு வந்து இரண்டு வருடமாகியும், மாலையில் வெறுங்கையோடு பள்ளியைவிட்டுக் கிளம்புவது எனக்குப் பழகவில்லை. செங்கல்பட்டில் கணக்கு டீச்சராக இருந்தவரை விடைத்தாள் கட்டு இல்லாமல் வீட்டுக்குப் போன நாள் குறைவு. இங்கே பிள்ளைகளின் வேலையெல்லாம் கம்ப்யூட்டரில், டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ என்ற பக்கங்களில் இருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து ஒரு பக்கம் எழுதுவார்கள், மதிப்பெண்ணும் அதற்குத்தான்.

யாருக்கு எத்தனை போடுவது? சென்ற மாதம் மியா என்ற மாணவியிடம், "இந்தக் கணக்கைப் போட்டது யார்?" என்று கேட்டேன். "நாங்கள்" என்றாள். அழுத்திக் கேட்டேன். மறுபடியும் "நாங்கள்." மழுப்புகிறாள் என்று நினைத்து மூவருக்கும் பூஜ்யம் போட்டுவிட்டேன். சக ஆசிரியை ஒருவர் வந்து கம்ப்யூட்டர் சேமித்துவைத்திருந்த அந்தப் பக்கத்தின் பழைய வடிவங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். மியா தப்பாகத் தொடங்கியிருந்தாள். இன்னொருத்தி திருத்தியிருந்தாள். மூன்றாமவன் ஓரத்தில் "ஏன்?" என்று கேட்டிருந்தான். ஒரு வாரம் சண்டைபோட்டு வந்த விடை அது.

பூஜ்யத்தை எடுத்தேன். ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. தொண்ணூறுகளில் கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டுக்கு ஒன்றாக ரயிலில் வருவார்கள் என் மாணவிகள் கலாவும் மல்லிகாவும். ஒரு பரீட்சையில், நான் சொல்லித்தராத ஒரு வழியில் இருவரும் ஒரே கணக்கைப் போட்டிருந்தார்கள். கலா முதல் ராங்க். மல்லிகாதான் பார்த்து எழுதியிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மல்லிகாவை எழுப்பி நிற்கவைத்தேன்.

"ரயில்ல ரெண்டு பேரும் சேந்து கண்டுபுடிச்சோம் டீச்சர்" என்று அழுதாள்.

அவளுக்குப் பூஜ்யம் போட்டேன். மாவட்டக் கணக்குப் போட்டிக்குக் கலா போனாள். அந்த வருடத்தோடு மல்லிகா படிப்பை நிறுத்திவிட்டாள்.

பழைய சக ஆசிரியை ஒருவர் மூலம் கலாவின் நம்பர் கிடைத்தது. பொத்தேரியில் வேலை பார்க்கிறாளாம். நேற்றுப் பள்ளி விட்டதும் ஆசிரியர் அறையிலிருந்தே கூப்பிட்டேன். அங்கே காலை எட்டு மணி. இங்கே நடந்ததைச் சொல்லி, "மல்லிகாவுக்கு நான் செய்தது தப்பு, கலா" என்றேன்.



"அந்த வழியே அவளோடது டீச்சர். அவதான் எனக்குச் சொல்லிக்குடுத்தா. நீங்க என்னை ஒரு வார்த்த கேக்கல. நானும் வாயத் தொறக்கல."

"இப்போ எங்கே இருக்கிறாள்?"

"மாமல்லபுரம் பக்கம் கட்டிக்குடுத்தாங்க. வேற இன்னா கேட்டாலும் எனக்குத் தெரியாது டீச்சர்."

எதிரே கண்ணாடிக் கதவைத் தட்டி, புதிய பக்கத்தைப் பார்க்க வரச்சொல்லிப் மியாவும் மற்ற இருவரும் கையாட்டினார்கள். போனில் பொத்தேரி ஜி.எஸ்.டி. ரோட்டு பஸ்களின் ஹாரன். "டீச்சர், லைன்ல கீறீங்களா?" என்றாள் கலா. ஒரு நிமிடம் என்று பிள்ளைகளிடம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.