குறை கேட்ட நாளில் வந்த தண்ணீர்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான், அதனால் சொல்கிற உரிமை எனக்கு இருக்கிறது. சாக்கடை வீட்டுக்குள் புகுந்து அடுப்பை அணைத்தாலும், அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் போய் நின்று, "நல்லா இருக்கீங்களா, ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வந்த காரியம் ஞாபகத்துக்கு வருவதற்குள் எதிராளி காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவான். கேட்டால் மரியாதை என்பார்கள். அந்த மரியாதையைக் கொண்டுபோய் உடைப்பில் போடுங்கள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்றுகொண்டிருந்தேன். தைத்து வருகிற பீஸில் ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்த்துத் தள்ளுகிற வேலை. குடியிருந்தது திருப்பூரை ஒட்டின ஒரு பேரூராட்சியில், லைன் வீட்டில். ஒரே மதிலுக்குள் வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் சேர்த்து வாசலில் ஒரே குழாய். போர் தண்ணீரில் துணி அலசலாம், அதுவும் வெள்ளைத் துணி என்றால் யோசிக்க வேண்டும், சாயம் அப்படி இறங்கியிருந்தது. குடிக்க, சோறாக்க ஆற்றுத் தண்ணீர்தான். அது வாரத்துக்கு ஒரு நாள் வரும், திறந்துவிடுகிற மகாராஜாவுக்கு மனசில்லை என்றால் பத்து நாள் ஆகும்.

வருகிற நேரம்தான் கொடுமை. காலை பதினோரு மணி. ஏன் பதினோரு மணி என்றால், தண்ணீர் திறந்துவிடுகிறவருக்குப் பேரூராட்சிச் சம்பளம் பத்தாமல் ராத்திரியில் ஒரு சாயப்பட்டறைக்கும் போய்க்கொண்டிருந்தார். அவர் தூங்கி எழுந்து வந்து வால்வைத் திருகினால்தான் எங்களுக்குத் தண்ணீர். அந்த மனுசனையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பதினோரு மணிக்கு இந்த ஊரில் எவன் வீட்டில் இருப்பான்? புருஷன், பெண்டாட்டி, வயசுக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் எட்டரைக்கே கம்பெனிக்குள் இருப்பார்கள். இதில் எங்கள் வீட்டுக்காரம்மா ஒரு சட்டம் வேறு போட்டிருந்தார். ஆள் நிற்காத குடத்துக்கு முறை இல்லை. குடத்தை மட்டும் வரிசையில் வைத்துவிட்டுப் போனால் அதை ஓரமாக நகர்த்திவிடுவார்கள். ஒருவர் குடத்தை இன்னொருவர் பிடித்துக் கொடுக்கவும் கூடாது. போன வருஷம் அதில் பெரிய சண்டையாகி மண்டை உடைந்ததாம், அதனால் இந்தச் சட்டம்.

எங்கள் வீட்டில் மாமியார் இருந்தார்கள், முட்டி வலியோடு எப்படியோ பிடித்து வைத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டில் அப்படி யாரும் கிடையாது. அவள் ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரி. புருஷன் செத்தபிறகு மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தவள். என் மேஜையிலேயே எனக்கு எதிரில் நின்று பீஸ் பார்ப்பாள். ஊரில் மழையே இல்லாமல் கண்மாயில் சேறு தோண்டித் தண்ணி குடித்தோம் என்பாள், இங்கே வந்தும் அதே பாடாகிப் போச்சே என்று சிரிப்பாள். அவள் மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வருகிற நாளெல்லாம் அந்தப் பிள்ளைக்கு லீவு. அம்மா லீவு போட்டால் வேலை போய்விடும், ஏற்கெனவே ஒரு கம்பெனியில் அப்படித்தான் போனது. அதனால் பிள்ளை நின்றது.

எத்தனை நாளைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் பொறுப்பார்கள். ஒருநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பிக் கறாராகச் சொல்லிவிட்டார். மாதிரித் தேர்வு எல்லாவற்றையும் முழுசாக எழுத வேண்டும், ஒன்று தவறினாலும் பப்ளிக் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. அன்றைக்கு அவள் மேஜைக்கு வந்ததும் வராததுமாக என்னைப் பார்த்து, "நான் எட்டாவதோட நின்னு இந்த மேஜைக்கு வந்தேன்க்கா. அவளும் இங்கதான் வந்து நிக்கணுமா?" என்று கேட்டாள். நான் கையில் இருந்த பீஸையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். பேரூராட்சியில் பொதுமக்கள் குறை கேட்கும் கூட்டம், புதன்கிழமை காலை பத்து மணி, சமுதாயக்கூடம், அனைவரும் வருக. பாருங்கள் கூத்தை. பனியன் கம்பெனியை நம்பிப் பிழைக்கிற ஊரில் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அனைவரும் வருகவாம். யார் வருவார்கள்? வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் வருவார்கள்.

இருந்தாலும் போவோம் என்று நான்தான் அவளைக் கிளப்பினேன். தண்ணீர் விடுகிற நேரத்தை ராத்திரி, கம்பெனி விட்ட பிறகு என்று மாற்றச் சொல்லிக் கேட்பது என்று பேசிவைத்தோம். சூப்பர்வைசர், ஷிப்மென்ட் நேரத்தில் இரண்டு பேரும் ஒன்றாகப் பர்மிஷன் கேட்கிறீர்களே என்று குதித்தார். கெஞ்சிக் கூத்தாடி மதியச் சாப்பாடு வரைக்கும் வாங்கினோம். அன்றைக்குப் பிள்ளைக்குக் கணக்கு மாதிரித் தேர்வு. தண்ணீர் திறப்பவரை முதல்நாளே வழியில் மறித்துக் கேட்டோம். "நாளைக்கு வராதுங்க, வெள்ளிக்கிழமைதான்" என்று தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணிச் சொன்னார். சரி, பிள்ளை நிம்மதியாகப் பரீட்சை எழுதும், நாம் நிம்மதியாகக் குறையைச் சொல்லலாம் என்று கிளம்பினோம்.

பத்து மணிக் கூட்டம் பத்தரைக்கு மேல்தான் ஆரம்பித்தது. தலைவர் வந்தார். சொந்தமாக நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர், தங்கமான மனுசன் என்று பேர். முதல் வேலையாக அவருக்குத் துண்டு போர்த்தினார்கள். குறை சொல்ல வந்த கூட்டம் வரிசையில் நின்று துண்டு போர்த்தியது. ஒருவர் போர்த்த, அவர் அதை எடுத்து நாற்காலியில் போட, அடுத்தவர் போர்த்த, எனக்குத் தலை சுற்றியது. பிறகு காபி. காபி டம்ளரைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஆளுக்காள் மைக்கைப் பிடித்தார்கள்.

ஒரு ரிட்டையர்டு ஆசிரியர் தெருநாய்களைப் பற்றி ஆரம்பித்தார். நாய் எப்படி மனிதனோடு வந்து சேர்ந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தார். அவர் கடிபட்ட இடத்துக்கு வந்து சேர்வதற்குள் நான் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இன்னொருவர் தங்கள் வீதிக்கு அலங்கார வளைவு வேண்டும் என்றார். வீதி முழுக்கக் குழி, முகப்பில் வளைவு. வேறொருவர், பள்ளிக்கூட வாசலில் மெயின் குழாய் உடைந்து கிடக்கிறது, தண்ணீர் திறக்கும்போதெல்லாம் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடித்து வீணாகிறது என்று சொன்னார். அது உருப்படியான விஷயம். அதையும், "தலைவருங்க நல்லாத்தான் பண்ணிட்டிருக்கீங்க, குறைன்னு சொல்லலீங்க, சும்மா காதுல போட்டு வெக்கறனுங்க" என்று சொல்லி முடித்தார். குறை கேட்கும் கூட்டத்தில் குறை என்று சொல்லவில்லையாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

எனக்குப் பக்கத்தில் அவள் உதட்டுக்குள்ளேயே பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக் முன்வரிசையையே சுற்றிச் சுற்றி வந்தது. நான் கையைத் தூக்கினேன். வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் கடைசியாகப் பேசட்டும், முதலில் ஊர்க்காரர்கள் முடிக்கட்டும் என்று ரொம்பப் பணிவாகச் சொன்னார்கள்.  இந்த ஊரில் ஓடுகிற பாதித் தையல் மிஷின் மேல் உட்கார்ந்திருப்பதே வெளியூர்க்காரர்கள்தான். நான் எழுந்து, "ஏனுங்க, நான் இந்த ஊர்க்காரிதான், என் முறையை அவளுக்குக் குடுங்க" என்று சத்தமாகவே சொன்னேன். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. மைக் வந்தது.

அவள் எழுந்து, "அய்யா, வணக்கம்" என்றாள். அப்போதுதான் யாருடைய செல்போனோ அடித்தது. இரண்டாவது அடித்தது. பிறகு கூடம் முழுக்க அடித்தது. தண்ணீர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரவேண்டிய தண்ணீர், புதன்கிழமை, கூட்டத்தின் நடுவில் வந்துவிட்டது.

வெண்ணெய் திரள்கிற நேரத்தில் தாழி உடைந்த கதைதான். நாய் ஆசிரியர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். வளைவு கேட்டவர் வழியில் கிடந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்கள். ஒரு நிமிஷத்தில் கூடம் காலி. நான் அவள் முழங்கையைப் பிடித்து, நீயும் ஓடு, பத்து நாளைக்குக் குடிக்கத் தண்ணி வேண்டுமே என்றேன். அவள் அசையவில்லை. "போனாப் போகட்டும்க்கா. ஓடுனா இத எப்ப சொல்லுறது" என்றாள்.

மேடையில் தலைவரும் ஒரு கிளார்க்கும் துண்டுக் குவியலும் மட்டும். தலைவர் அவளைப் பார்த்து, "நீங்க தண்ணி பிடிக்கப் போகலீங்களா?" என்று கேட்டார்.

"அதச் சொல்லத்தாங்கய்யா வந்தேன்" என்றாள். "இந்த நேரத்துல தண்ணி வந்தா, ஒண்ணு என் வேலை போகுது, இல்லாட்டி எம் புள்ள படிப்பு போகுது. ராத்திரி கம்பெனி விட்ட பொறவு விடுங்க. எத்தன மணியானாலும் முழிச்சுப் பிடிச்சுக்கிருவோம்."

ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் ஒருத்தருக்கும் வராத பேச்சு. தலைவர் நிஜமாகவே வருத்தப்பட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். கூட்டத்தன்றைக்கு ஜனங்கள் தண்ணீர் இல்லை என்று மனசு நோகக்கூடாது என்று, அவரே ஆள் அனுப்பி அன்றைக்கே திறக்கச் சொன்னாராம். நல்லது செய்யப் போய்த் தன் கூட்டத்தைத் தானே கலைத்துக்கொண்ட மனுசன். நேரத்தை மாற்றுவதைப் பற்றிக் கேட்டதற்கு, "பார்க்கலாமுங்க. ஆனா இத்தனை பேர் பேசினாங்க, வேற யாரும் நேரத்தை மாத்தச் சொல்லலீங்களே" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ கத்தினேன். நேரத்தை மாற்றச் சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் கம்பெனியில் நிற்கிறார்கள், கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பாருங்கள், கூடம் தாங்காது என்றேன். அவர் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. "காபி குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் தெளிந்திருந்தது. சொல்லிவிட்டேன்க்கா, அவர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சொல்லிவிட்டேன் என்றாள். இந்தத் தடவை தண்ணீர் போனால் போகட்டும், லாரியில் விற்கிறவனிடம் வாங்கிக்கொள்ளலாம், பிள்ளை பரீட்சையை முழுசாக எழுதினால் போதும் என்றாள். எங்கள் வீட்டில் மாமியார் பிடித்திருப்பார், நானும் இரண்டு குடம் தருகிறேன் என்றேன். வழியெல்லாம் ஜனங்கள் குடங்களோடு ஓடிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் நடந்தோம்.

மதில் கதவைத் திறந்தால், குழாயடியில் தண்ணீர் நின்றுபோய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் வீட்டு வாசலில் குடங்கள் வரிசையாக நின்றன. எல்லாமே கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தன. பக்கத்தில் அந்தப் பிள்ளை, யூனிஃபார்ம் முழுக்க நனைந்து, தாவணியை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றது. பரீட்சை அட்டை ஜன்னலில் இருந்தது.

அவள், "பரீட்சை?" என்று மட்டும் கேட்டாள்.

"பாதி எழுதிட்டேம்மா. ஸ்கூல் வாசல்ல தண்ணி பீச்சுறது ஜன்னல் வழியா தெரிஞ்சுச்சு. பேப்பரக் குடுத்துட்டு ஓடியாந்துட்டேன். நீயும் மீட்டிங்குக்குப் போயிட்டியே, நம்ம குடத்துக்கு யாரு நிப்பா?" என்றது பிள்ளை. நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷம் அதன் முகத்தில் இருந்தது. நாங்கள் திட்டப் போகிறோம் என்று அதற்குத் தோன்றவே இல்லை.

திட்டவும் இல்லை.  அவள் முதல் குடத்தின் பக்கத்தில் குனிந்து, "அக்கா, ஒரு கை பிடிங்க" என்றாள். பிடித்துத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டேன். ஒரு சொட்டுச் சிந்தாமல் உள்ளே கொண்டுபோனாள்.