யாருடைய முகமும் அல்ல

ஷென்யாங் நகரத்துப் படக்கதைப் பட்டறையில் கெங் ஷௌதியனுக்கு வாய்த்த வேலை, எதிரியிடம் பிடிபட்டுக் கைதியான சீனச் சிப்பாய்களை வரைவது. வீரர்களை வரைய வேறு ஆள் இருந்தார். வீரன் நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டும்; கைதி கூன் விழுந்து, கண் சுருங்கி, எலி மாதிரி இருக்க வேண்டும். படத்துக்குக் கீழே வரும் வரிகளை இன்னொருவர் எழுதுவார். அச்சாகி வரும்வரை வரைந்தவன் அதைப் பார்க்க முடியாது.

கெங்கும் பிடிபட்டவன்தான். கொரியப் போரில் இரண்டு வருடம் முள்வேலிக்குள் கிடந்துவிட்டு ஊர் திரும்பியவன். சாகாமல் ஏன் வந்தாய் என்று அவனைக் கேட்காத அதிகாரி இல்லை. எலி வரைய இவனைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ.

1957 வசந்தத்தில் அவனுக்கே கை கூசிவிட்டது. ஒரே ஒரு கைதிக்கு மட்டும் மனித முகம் கொடுத்தான். முகாமில் வயிற்றுக்கடுப்பு வந்து, கெங்கின் மடியிலேயே செத்துப்போன லுவான் ஷின்னின் முகம். அகன்ற நெற்றி, நாய் கடித்துப் பிளந்த இடது காது. ஒரு புத்தகத்திலாவது அவன் மனிதனாக இருக்கட்டும் என்ற ஆசைதான். படம் தப்பித்து அச்சேறியது. அடியில் இப்படி இருந்தது: ‘ஒரு கிண்ணம் சோற்றுக்குத் தோழர்களைக் காட்டிக்கொடுத்த நாய்.’

அறுவடை முடிந்ததும் லுவானின் அம்மா புத்தகத்தோடு பட்டறைக்கு வந்துவிட்டாள். மகன் போர்க்களத்தில் மாண்டான் என்றுதான் அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. வாசலில் தியாகி வீடு என்ற சிவப்புப் பலகையும் மாட்டியிருந்தார்கள்.

“இது என் பையன் காது. நாய் கடிச்சப்போ சாம்பல் வச்சு கட்டினவ நான். இதப் பாத்துட்டு பலகைய கழட்டிட்டுப் போயிட்டாங்க. பேத்திய பள்ளிக்கூடத்துல நாய்க்குட்டின்னு கூப்பிடுறாங்க. யாருப்பா வரைஞ்சது?”

பட்டறைத் தலைவர் ஹௌ முந்திக்கொண்டார். “நம்ம கெங்தாம்மா. அவன் பாட்டுக்கு ஏதோ ஒரு காத வரைஞ்சிருக்கான். ஊர்ல கிழிஞ்ச காதுக்கா பஞ்சம்?”

“அப்ப அதையே எழுதிக் குடுங்க. முத்திரையும் வச்சுக் குடுங்க.”

உண்மையைச் சொன்னால் லுவான் கைதி என்றாகிவிடும். பலகை திரும்பி வராது. கெங் பேனாவை எடுத்தான். ‘லுவான் ஷின் என்பவரை நான் அறியேன். இந்த முகம் என் கற்பனை. இது எந்த மனிதனுடைய முகமும் அல்ல.’ கடைசி வாக்கியத்தை எழுதும்போது நண்பனைத் தன் கையாலேயே மறுபடி எலியாக்குகிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஹௌ முத்திரை வைத்தார்.

டிராம் நிறுத்தம்வரை அவளைக் கொண்டுபோய் விட்டான். அங்கே வேறு யாரும் இல்லை. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காது பிளந்தது எங்க ஊருக்கும் அவன்கூட இருந்தவங்களுக்கும்தான் தெரியும் தம்பி.”

“அம்மா, அவன்...”

அவள் சட்டென்று அவன் வாயைக் கையால் பொத்தினாள்.

“சொல்லிடாத. கேட்டுட்டா எனக்கு அழுகை அடங்காது. அழுதா ஊரு ஏன்னு கேக்கும். பேத்தி வளரட்டும்.”

டிராம் வந்தது. காகிதத்தை மடியில் செருகிக்கொண்டு அவள் ஏறினாள். கடைசி இரண்டு நாளும் லுவான் கூப்பிட்டது அவளைத்தான். அதை அவளிடம் சொல்லத்தான் கெங் சாகாமல் திரும்பி வந்திருந்தான்.