ஒரே எடை, ஒரே எண்

எந்தச் சாமை மூட்டை வந்தாலும் எங்கள் மேற்பார்வையாளர் முதலில் அதன் அடியைத்தான் பார்ப்பார். மேலே நல்ல சாமை, அடியில் கல் என்பது அவருடைய முடிவு. முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்து, முகர்ந்து, நாலு மணியைப் பல்லில் கடித்துவிட்டு, கொண்டுவந்தவரின் முகத்தையும் ஒருமுறை உற்றுப் பார்ப்பார். கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கொள்முதல் மையத்தில் நான் கணினியில் பதிவு செய்பவள். டீக்கடைப் பால், கண்டக்டர் தரும் சில்லறை, நான் விடுப்புக்குச் சொல்லும் காரணம் என எதையும் அவர் நம்பியதில்லை. சங்கராபுரத்திலிருந்து வண்டியில் வரும்போதே யாரையாவது சந்தேகப்பட்டுக்கொண்டுதான் வருவார் என்று கேலி பேசுவோம். உண்மையில் அவரோடு வேலை பார்ப்பது எரிச்சலாகத்தான் இருந்தது.

சாமையை வாங்கிய நிறுவனம், ஒவ்வொரு மூட்டையையும் பிளாக்செயின் என்ற கணினிப் பேரேட்டில் பதியச் சொன்னது. பெயர், தகப்பன் பெயர், ஊர், தேதி, தானியம், எடை ஆகியவற்றை நான் தட்டினால், செயலி அவற்றைக் கொண்டே நீளமான அடையாள எண் ஒன்றை உருவாக்கும். ஏறியதை யாராலும் மாற்ற முடியாது என்று பயிற்சி கொடுத்தவர்கள் சொன்னார்கள். நாங்களும் தலையாட்டினோம்.

அந்த அறுவடைக்கு மலையிலிருந்து ஓர் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூட்டையோடு வந்தார்கள். பாகம் பிரிக்காத நிலம். இருவருக்கும் குலசாமி பெயர்தான். வீட்டில் பெரியவன், சின்னவன், ஆதார் அட்டையில் ஒரே பெயர். விளைச்சலில் ஒருவர் பங்கு கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். எங்கள் தராசிலேயே ஒரு மூட்டையிலிருந்து அள்ளி மற்றதில் போட்டு, இரண்டும் ஒரே எடை காட்டும் வரை அவர்கள் விடவில்லை.

சில நாள் கழித்துச் சரிபார்க்க வந்த நிறுவன அதிகாரி முகம் சுளித்தார். அந்தப் பெயருக்குக் கிடங்கில் இரண்டு மூட்டை, பதிவில் ஒன்று. பதிவில்லாதது வெளியூர்ச் சரக்கு, இருவரில் ஒருவர் ஏமாற்றியிருக்கிறார், அவரிடம் இனி எதுவும் வாங்கக்கூடாது என்றார். யார் அது என்பதை அவர்களே சொல்லட்டும் என்று மலைக்கு ஆள் அனுப்பினார். வந்த இருவரும் ஒருவரைவிட்டு ஒருவர் தள்ளி நின்றார்கள். மாற்றவே முடியாத பதிவைச் சந்தேகிக்க எனக்கும் தோன்றவில்லை.

மேற்பார்வையாளர்தான் கணினியைக் காட்டி வாயைத் திறந்தார். "ஆள நம்பாதீங்க, சரிங்க. பொட்டிய மட்டும் இன்னாத்துக்கு நம்பணும்?"

தன் பெயரில், ஒரே எடையில், இரண்டு முறை பதியச் சொன்னார். பதிந்தேன். விவரம் ஒன்றாக இருந்ததால் எண்ணும் ஒன்றாகவே வந்தது. இரண்டாவதையும் முதல் பதிவாகவே செயலி எடுத்துக்கொண்டது. திரையில் அவர் ஒரே ஒருமுறைதான் இருந்தார்.

சகோதரர்கள் இருவர் மேலும் இருந்த பழி நீங்கியது. செயலியைத் திருத்தக் கொஞ்ச காலம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் மேற்பார்வையாளர் ஒரு வழி சொல்லி அனுப்பினார். "அடுத்த வாட்டி ஒரு கைப்பிடியாவது ஜாஸ்தி கம்மியா கொண்டாங்க. ஒண்ணா இருந்தா அது குழம்பிக்கினு போவுது."

அப்படியே கொண்டுவந்தார்கள். பெரியவர் மூட்டையில் ஒரு பிடி கூடுதல். அதற்கடுத்த அறுவடைக்குத் தனித்தனி நாளில் வந்தார்கள்.

மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். செயலியையும் எப்போதோ சரிசெய்துவிட்டார்கள், இப்போது எத்தனை மூட்டை ஒன்றுபோல வந்தாலும் தனித்தனி எண் விழுகிறது. சின்னவர் மட்டும் தராசில் மூட்டையை வைக்கும் முன்பு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: "எங்கண்ணன் எவ்ளோ போட்டாருங்க?"