கூட்டுவதா, கழிப்பதா

உதயகலாவுக்குக் கணக்கென்றாலே பயம். முப்பத்துமூன்று வயதில், சாவகச்சேரிப் புடைவைக் கடையில் பகல் முழுக்கக் கால்கடுக்க நின்றுவிட்டு வந்து, சாதாரண தரப் பரீட்சையின் கணிதப் பாடத்தை நாலாவது தடவையாக எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு பாடம் இல்லாமல் முன்பள்ளி வேலை தரமாட்டார்களாம். செங்கோண முக்கோணி வந்தால் போதும், கழிக்கிற இடத்தில் கூட்டிவிட்டு வந்து நிற்பாள். புருஷன் சுதாகரன் நல்ல மனுசன்தான். வாய்தான் சும்மா இராது. "யாழ்ப்பாணக் கம்பஸுக்குப் படிக்கப் போறதெண்டால் சொல்லும், கிட்டத் திருநெல்வேலியிலை அறை பாக்கிறன்" என்று நக்கலடிப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வளவுத் தென்னையைத் தறிக்கப் பொன்னம்பலம் வந்திருந்தார். வீட்டுப் பக்கமாக அடி உக்கிப்போன மரம். கயிறு கட்டி எதிர்ப்பக்கம் இழுத்தால்தான் வீடு தப்பும். அவர் ஏறி, ஓலை விரிந்த வட்டுக்குச் சற்றுக் கீழே கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கினார். ஐம்பது அடிக் கயிறு. தொங்கவிட்டபோது நுனியில் பத்தடி நிலத்தில் கிடந்தது.

"கயிறு பத்தடி மிச்சம் அண்ணை. நான் நுனியிலை நிண்டு இழுக்கிறன், பயமில்லை" என்றான் சுதாகரன். பொன்னம்பலமும் தலையாட்டினார். அவருடைய கவலையெல்லாம் வீட்டு ஓட்டைப் பற்றித்தான்.

குசினி வாசலில் நின்ற உதயகலாவுக்கு ஏதோ உறுத்தியது. நிமிர்ந்த மரம், நிலம், சரிவாக இழுபட்ட கயிறு. அட, புத்தகத்தில் இருக்கிற அதே சனியன்! கயிறு ஐம்பது, கட்டின உயரம் நாற்பது. இந்த மனுசன் மரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்? அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் எழுதினாள். ஐம்பதின் வர்க்கம் இரண்டாயிரத்து ஐந்நூறு. நாற்பதினது ஆயிரத்து அறுநூறு. கூட்டினால் நாலாயிரத்து நூறு. வர்க்கமூலம் அறுபத்துநாலு சொச்சம். அப்பாடா! மரம் அவரிடம் கிட்டவும் வராது என்று மூச்சுவிட்டாள்.

மெசின் வாள் உறுமத் தொடங்கியது.

ஆனால் அந்த விடை அவள் மனதுக்குள் இறங்க மறுத்தது. ஐம்பது அடிக் கயிற்றின் நுனியைப் பிடித்திருக்கிறவன் எப்படி அறுபத்துநாலு அடி தள்ளி நிற்பான்? கயிறென்ன றப்பரா? ஐயோ, கயிறுதானே செம்பக்கம், எல்லாவற்றிலும் நீண்ட பக்கம்! கழிக்க வேண்டும். தொள்ளாயிரம். முப்பது. முப்பதே முப்பது அடி! நாற்பது அடிக்கு மேல் நீண்ட மரம் அவர் தலையில்தான் விழும்.

"வாளை நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினாள். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? "இஞ்சாருங்கோ! அங்காலை போங்கோ!" என்று கையை ஆட்டினாள். அவள் உற்சாகப்படுத்துகிறாளாக்கும் என்று நினைத்துச் சுதாகரன் சிரித்தான், பாவி. அவள் பாய்ந்து போய்ப் பொன்னம்பலத்தின் தோளைப் பிடித்து உலுப்பினாள். வாள் நின்றது.

"என்ன பிள்ளை, விசரே? பாதி அறுத்துப்போட்டன்!"

"அவர் முப்பது அடியிலை நிக்கிறார் அண்ணை. மரம் அவருக்கு மேலைதான் வரும்."

"கயிறு மிச்சமெல்லே?" என்றான் சுதாகரன்.

"நேராய்த் தொங்கவிட்டால் மிச்சம். சரிச்சு இழுத்தால் எங்கை மிச்சம்?"

"மூண்டு தரம் கோட்டை விட்ட ஆள் நீர்..." என்று தொடங்கினான். காற்று எழும்பி, மரம் அடியில் கிறீச்சிட்டது.

பொன்னம்பலம் கயிறு கட்டிய இடத்தை அண்ணாந்து பார்த்தார், சுதாகரன் நின்ற இடத்தைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. ஓடிப்போய், தான் கொண்டுவந்த லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் கிடந்த இன்னொரு கயிற்றை எடுத்து வந்து நுனியோடு முடிச்சுப் போட்டார். சுதாகரன் பின்னால் நடந்தான். "இன்னும் போங்கோ, இன்னும்!" என்று அவள் கத்தக் கத்த வேலிவரை போனான்.

மறுபடியும் வாள் உறுமியது. மரம் சரிந்து நிலம் அதிர்ந்தது. புழுதி அடங்கியபோது, சுதாகரன் முதலில் காலூன்றி நின்ற இடத்தில் தென்னந்தண்டு மண்ணுக்குள் இறங்கிக் கிடந்தது. வட்டும் ஓலையும் அதற்கும் அப்பால் சிதறியிருந்தன.

அவன் அதைப் பார்த்தபடியே குந்திவிட்டான். "ஏதாவது சொல்லுமன் கலா. திட்டுமன்" என்றான்.

திட்டுவதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. அதெல்லாம் பிறகு. அவன் கையைப் பற்றிக்கொண்டாள். பொன்னம்பலம் மரத்தைத் துண்டு போட்டு முடிக்கும்வரை அவள் விடவேயில்லை.