எங்கள் கல்லூரிக்கு எதிராகப் பிடித்த பந்து

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியின் புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம். எங்கள் பக்கத்துப் பெண்கள் கல்லூரிகளுக்கு இடையே ஒரு சாஃப்ட்பால் போட்டி ஆரம்பமானது. முதல் வருடம் இரண்டே கல்லூரிகள். ஒரே ஆட்டம்தான், அதையே இறுதி ஆட்டம் என்று சொல்லிக் கோப்பையும் கொடுத்தார்கள். அடுத்த வருடம் மூன்றாயிற்று. நான் சொல்லப்போகிற வருடத்தில் நான்கு கல்லூரிகள் எங்கள் மைதானத்துக்கு வந்திருந்தன. எங்களுக்கு அது பெரிய திருவிழா.

ஆட்டம் எளிதுதான். மட்டையால் அடித்துவிட்டு நான்கு மூலைகளையும் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ரன். மூலைகளில் உப்புச் சாக்கில் மணலை நிரப்பிப் போட்டிருப்போம். பந்து பிடிக்கும் தோல் கையுறைகள் ஒரு அணிக்கு ஆகிற அளவுக்குத்தான் இருந்தன. ஆகவே பந்து பிடிக்கிற அணி, தன் முறை முடிந்ததும் கையுறைகளை நின்ற இடத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு வரும். அடுத்த அணி அவற்றை எடுத்து மாட்டிக்கொள்ளும். யாருடைய வியர்வை என்று யாரும் பார்ப்பதில்லை.

நான் அணியில் இருந்தேனே தவிர, ஆடும் ஒன்பது பேரில் இல்லை. இரண்டு வருடமாக மாற்று ஆள். கேப்டன் அக்கா சாயங்காலம் மட்டை பிடித்துப் பழகும்போது தூரத்தில் நின்று பந்து பொறுக்கிப் போடுவது என் வேலை. அவள் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஓங்கி அடிப்பாள். கடற்காற்றில் அந்தப் பந்து எங்கே போய் விழும் என்பது எனக்கு ஓடி ஓடியே பழகிப்போயிருந்தது.

அன்று காலை ஆட்டங்களில் நாங்களும், ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்த கல்லூரியும் ஜெயித்தோம். சாயங்காலம் இறுதி ஆட்டம். ஆனால் ஆற்றுப் பக்கத்துப் பெண்களில் ஒருத்திக்குக் காலையில் சறுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. அவர்கள் வந்ததே ஒன்பது பேர்தான். நடுவராக வந்திருந்த ஆசிரியர் தலையை ஆட்டிவிட்டார்.

"எட்டுப் பேரோட ஆட விட முடியாதும்மா. கோப்பை இவங்களுக்குத்தான்."

எங்கள் பிள்ளைகள் சிலர் கைதட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். கேப்டன் அக்கா எங்கள் விளையாட்டு மிஸ் பக்கம் திரும்பினாள்.

"ஆடாம வார கோப்பை எங்களுக்கு வேண்டாம் மிஸ். நம்ம பிள்ளையில ஒண்ண அவங்களுக்குக் குடுப்போம்."

மிஸ் நடுவரைப் பார்த்தார். இரண்டு கல்லூரிக்கும் சம்மதம் என்றால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் நடுவர். கேப்டன் அக்கா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"ஏளா, அங்கன போய் சும்மா பேருக்கு நிக்காத. ஒழுங்கா ஆடு. இல்லேன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

ஆற்றுப் பக்கத்துப் பெண்கள் அவர்களுடைய பச்சைப் பட்டையை என் இடுப்பில் கட்டிவிட்டு, கிழக்குச் சுவரோரம் தூரத்தில் நிறுத்தினார்கள். இரவல் பெண்ணை வேறு எங்கே நிறுத்துவார்கள்?

என் அப்பா துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுபவர். ஷிப்டு முடிந்து, கூட வேலை பார்க்கிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, அந்தச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"ஏளா, நீ ஏன் அந்தப் பக்கம் நிக்க?"

"என்னைய அவங்களுக்குக் குடுத்துட்டாங்கப்பா."

"குடுத்துட்டாங்களா?" என்றவர் கூட வந்தவர்களிடம் என்ன சொல்லிச் சமாளித்தாரோ தெரியாது.

மட்டை பிடித்தபோது என்னால் பெரிதாக எதுவும் ஆகவில்லை. இரண்டு முறையும் பந்தைத் தொடாமலே வெளியே வந்தேன். ஆனாலும் கடைசிச் சுற்று வந்தபோது நாங்கள், அதாவது பச்சைப் பட்டைக்காரர்கள், ஒரு ரன் முன்னால் இருந்தோம். என் கல்லூரி மட்டை பிடித்தது. இரண்டு பேர் வெளியே போயிருந்தார்கள்; மூன்றாவது ஆளும் போனால் ஆட்டம் முடிந்தது. இரண்டு மூலைகளில் ஓடத் தயாராக ஆள் நின்றது. மட்டையோடு வந்தவள் கேப்டன் அக்கா.

அடித்தாள். பந்து உயரே, நேராக என் பக்கம் வந்தது. ஆற்றுப் பக்கத்துக் கேப்டன் "பின்னால போ, பின்னால போ" என்று கத்தினாள். நான் முன்னால் ஓடினேன். கிழக்கிலிருந்து அடிக்கிற காற்று அந்தப் பந்தைப் பின்னுக்குத் தள்ளும் என்று எனக்குத் தெரியும். பிடிப்பதா விடுவதா என்று நான் யோசித்தேனா என்று பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள். யோசிக்கவில்லை. கண்ணில் பந்து மட்டும்தான் இருந்தது. முழங்காலுக்குக் கீழே, இரண்டு கையாலும் பிடித்தேன்.

மைதானத்தில் எங்கள் கல்லூரிக் கூட்டம் அப்படியே அடங்கிப்போயிற்று. பச்சைப் பட்டைக்காரிகள் எட்டுப் பேரும், கணுக்கால் வீங்கியவள் நொண்டிக்கொண்டும், வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

கேப்டன் அக்கா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். பரிசு கொடுக்கும் நேரத்தில், கோப்பையை நான்தான் வாங்க வேண்டும் என்று அவர்கள் என்னைப் பிடித்து இழுத்தார்கள். நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் எழுந்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

"போய் வாங்குளா. பிடிச்சது நீதான?"

ஒரு வாரம் எங்கள் அணியில் இரண்டு பேர் என்னிடம் பேசவில்லை. ஒருத்தி, "விட்டிருக்கலாம்லா" என்று நேராகவே கேட்டாள். கேப்டன் அக்காதான் அவளுக்குப் பதில் சொன்னாள்: "அவ விட்டிருந்தா அவள நான் அணியில வச்சிருக்க மாட்டேன்."

ஆட்டம் நடந்த அன்று இரவு, எங்கள் வீடு இருந்த முத்தையாபுரத்துக்குப் போகும் பஸ்ஸில் அப்பா கண்டக்டரிடம், "இது எம் மவ. எந்தக் கல்லூரிக்கு ஆடினாலும் ஜெயிப்பா" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவரைத் தடுக்கவில்லை.

அடுத்த வருடம் நானும் ஒன்பது பேரில் ஒருத்தியாக ஆடினேன்; கோப்பையை எங்கள் கல்லூரிக்கே கொண்டுவந்தோம். எந்த அணிக்கு ஆள் குறைந்தாலும், போட்டி நடத்துகிற கல்லூரி தன் பிள்ளைகளில் ஒருத்தியைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் பிறகு அந்தப் போட்டியின் வழக்கமாகிவிட்டது. எனக்குத் தெரிந்த வரை, அங்கே ஆடாமல் யாரும் கோப்பை வாங்கியது கிடையாது.